ஈர உத்தரம்

வெளிநாட்டுத் தர முத்திரையை நம்பிக் கூரை உத்தரங்களை விற்கக் கூடாது, இங்கேயே பலம் பார்க்க வேண்டும் என்று அவள்மேல் புகார் கொடுத்தவர் வேறு யாருமில்லை, உள்ளூரில் மர ஆலை வைத்திருக்கும் அவளுடைய சொந்தச் சித்தப்பாதான். சோதனையில் தோற்றால் அவள் இறக்குமதி செய்த மரம் கூரைக்கு ஆகாது. சாமான் கட்டும் பெட்டிக்குத்தான் போகும். கடையையும் மூட வேண்டியதுதான்.

சோதனைக்கூடத்து இயந்திரம் முதல் உத்தரத்தை நடுவில் அழுத்தியது. தேவையான பாரத்தைத் தொடும் முன்பே அது படாரென்று முறிந்தது.

சோதனையைப் பார்க்க வந்திருந்த சித்தப்பா எழுந்து போய் முறிந்த இடத்தைத் தடவினார்.

"என்ன தம்பி, ஜில்லுனு இருக்கு? ஈரம் பாத்தீங்களா?"

சோதனையாளர் தலையைச் சொறிந்தார். "காஞ்ச மரம்னு முத்திரையில போட்டிருந்துச்சு சார்."

"கப்பல்ல நனைஞ்சது முத்திரைக்குத் தெரியுமா? மத்ததக் காய வெச்சு அழுத்துங்க."

"சித்தப்பா, புகார் கொடுத்ததே நீங்கதானே?" என்றாள் அவள்.

"ஆமா. அதுக்காக ஈர மரத்த முறிச்சுத்தானா ஜெயிக்கணும்?"

காய்ந்த பிறகு நடந்த சோதனையில் உத்தரங்கள் முழுப் பாரத்தையும் தாங்கி வில்லாக வளைந்தன; ஒன்றுகூட முறியவில்லை.

"எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல சித்தப்பா."

"நீ மலிவா விக்கப் போறத நினைச்சா எனக்கு வயிறு எரியுது. நன்றியாம்! அடுத்த கப்பலுக்கும் புகார் கொடுப்பேன், பாத்துக்கோ."

"கொடுங்க. சோதனைக்கும் நீங்களே வந்துடுங்க," என்றாள் அவள். மனதாரத்தான் சொன்னாள்.