ஒரே காலையில் எடுத்த படங்கள்

“நல்ல டிரஸ் எத்தனை கொண்டு வந்திருக்கே?”

சாங்கி விமான நிலையத்தில் உமா அத்தை என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். நான் நான்கு விரல்களைக் காட்டினேன். எனக்கு யாரிடமும் சட்டென்று பேச்சு வராது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் வாய் கட்டிக்கொள்ளும், வகுப்பே சிரிக்கும். பதினொன்றாம் வகுப்பில் ஒருநாள் போகவில்லை. பிறகு போகவே இல்லை.

“நாலா? சரி, பரவாயில்ல. இன்னொன்னு வித்யாகிட்ட வாங்கிக்கலாம்” என்றாள் அத்தை. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி சிங்கப்பூர் வந்து இருபது வருடமாகிறது. ஜூன் மாதம் அம்மாவைப் போனில் கூப்பிட்டு, “இந்த வருஷம் இங்க சுதந்திரத்தோட அறுபதாம் ஆண்டு கொண்டாட்டம், அண்ணி. ஊரே விழாவா இருக்கு. ஈஸ்வரிய ஒரு மாசம் அனுப்புங்க, நல்லா சுத்திப் பார்க்கட்டும்” என்றாள். டிக்கெட்டையும் அவளே போட்டாள். மன்னார்குடியில் எங்கள் தெருவிலேயே யாரும் சுற்றிப்பார்ப்பதற்காக வெளிநாடு போனதில்லை. என் தங்கை திவ்யதர்ஷினி அன்று சாப்பிடவில்லை. அவளுக்குத்தான் ஆசை. ஆனால் அத்தை, “மூத்தவதான் சரி, வாயே திறக்கமாட்டா” என்று சொன்னது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை வீடு பொங்கோலில், பதினொன்றாம் மாடியில். கதவைத் திறந்ததும் எண்ணெய் வாசனை. கூடத்தில் சோபா இருக்கவேண்டிய இடத்தில் உளுந்து மூட்டைகள். அத்தை விழாக்களுக்கு வடையும் முறுக்கும் கேசரியும் செய்து கொடுக்கிறாள். சுந்தரேசன் மாமா வேனில் கொண்டுபோய் இறக்குவார். அறுபதாம் ஆண்டு என்பதால் சமூக மன்றம், சங்கம், அலுவலகம், கோயில் என்று தினமும் எங்காவது ஒரு விழா. எல்லா விழாவிலும் வடை வேண்டும். வீட்டில் வேலைக்கு இருந்த மியன்மார்ப் பெண் மே மாதம் ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. அவள் படுத்திருந்த அறையை எனக்குக் கொடுத்தார்கள். பாம் ஷெல்டர் என்றாள் அத்தையின் மகள் வித்யா. குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்வதற்காக வீட்டுக்கு வீடு கட்டியிருக்கிறார்களாம். சன்னல் கிடையாது. இரும்புக் கதவு. எண்ணெய் டின்களுக்கும் மாவு மூட்டைக்கும் நடுவில் ஒரு மெத்தை.

“பாஸ்போர்ட்ட குடு, பத்திரமா வைக்கிறேன்” என்றாள் அத்தை. “இன்னொன்னு, யாராவது கேட்டா உதவிக்கு வந்திருக்கேன்னு சொல்லாதே. விசிட் பாஸ்ல வந்தவங்க வேலை செய்யக் கூடாது.”

“அப்ப நான்…”

“இது வேலையா? சொந்த வீட்ல கூடமாட ஒத்தாசை பண்றது வேலையாடி?”

மறுநாள் சனிக்கிழமை. பத்துக் கிலோ வெங்காயம் உரித்து நறுக்கினேன். கடைசியில் கத்தி ஆள்காட்டி விரலில் இறங்கியது. வித்யா பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, “நாளைக்கு ரெடியா இருங்கக்கா, ஷூட்டிங் இருக்கு” என்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் நான்கு நல்ல உடைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். நான் மஞ்சள் சுடிதாரில் இருந்தேன். தண்ணீர் துப்பும் சிங்கத்தின் முன்னால் நிற்கவைத்து வித்யா எடுத்தாள்.

“ரிலாக்ஸ் லா, அக்கா! இது என்ன பாஸ்போர்ட் போட்டோவா?”

அத்தை மணியைப் பார்த்தாள். “போதும், போதும். அடுத்த டிரஸ்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரே காலையில் முழுச் சிங்கப்பூரையும் படம் எடுத்துவிட வேண்டும். பிறகு வாரம் ஒன்றாக ஊருக்கு அனுப்ப வேண்டும். அதற்குத்தான் உடைக் கணக்கு.

கழிப்பறைக்குள் போய் நீல நிற உடைக்கு மாறினேன். அது தங்கை திவ்யாவுடையது. புறப்படும் அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே என் பெட்டியில் திணித்துவிட்டாள். பெரிய பெரிய இரும்பு மரங்கள் நிற்கும் தோட்டத்தின் வாசலில் அதை அணிந்து நின்றேன். “இது ஃபைனல் வீக்குக்கு” என்றாள் வித்யா. “ஹேர மாத்துங்க. மாசம் பூரா ஒரே பின்னல்னா ஊர்ல டவுட் வரும்.”

ஆற்றங்கரையில் அறுபதாம் ஆண்டுக்காகப் பலகைகள் வைத்திருந்தார்கள். பழைய துறைமுகத்தின் படங்கள், படகுகள், மூட்டை தூக்குகிறவர்கள். நான்கு மொழிகளில் எழுதியிருந்தது, தமிழிலும். யார் யார் எங்கிருந்து கப்பலேறி வந்தார்கள் என்று தொடங்கியது. இருபது வரி இருக்கும். ஆறாவது வரியில் அத்தை என் பையைப் பிடித்து இழுத்தாள். “அதெல்லாம் வித்யாவே படிச்சதில்ல. வா.” அவர்கள் வந்தபிறகு என்ன ஆனது என்பது ஏழாவது வரியில் இருந்திருக்கலாம்.

சைனாடவுனில் மாரியம்மன் கோயில். சேலைக்கு மாறியிருந்தேன். அது ஆடி வெள்ளிக்கு. கோபுரத்தின் கீழே நிறுத்தி எடுத்ததும் செருப்பைக் கழற்றப் போனேன்.

“எங்கே போறே?”

“சாமி…”

“கோபுரம் தெரியுதில்ல, கும்பிட்டுக்க. மூணு மணிக்கு மாவு ஆட்டணும்.”

லிட்டில் இந்தியாவில் காம்பல் லேன் பூக்கடைகளின் முன்னால் பச்சை உடை. கடைசியாகத் தேக்கா சந்தைக்கு மேலே இருக்கும் அடுக்கு வீடுகளின் கீழே, வித்யாவின் சிவப்புச் சட்டை. மாடிக்கு மாடி தேசியக் கொடிகள் தொங்கின. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி தேசிய தினம் கொண்டாடியதற்கான படத்தை ஜூலை இருபதாம் தேதி பகல் பன்னிரண்டரைக்கு எடுத்து முடித்தோம்.

நான் ஒன்று செய்தேன். முதல் படத்தைத் தவிர மற்றவற்றில் எல்லாம் பிளாஸ்டர் ஒட்டிய விரல் தெரிகிற மாதிரி கையை உயர்த்தி வைத்துக்கொண்டேன். ஒரு வெட்டுக்காயத்துக்கு யாரும் நான்கு வாரம் பிளாஸ்டர் ஒட்டமாட்டார்கள். திவ்யா கெட்டிக்காரி, கண்டுபிடித்துவிடுவாள் என்று நம்பினேன்.

படங்கள் போக ஆரம்பித்தன. என் போனில் அங்கே எதுவும் வேலை செய்யவில்லை. வீட்டு வைஃபை பாஸ்வேர்டை அத்தை சொல்லவில்லை. அத்தையின் போனில், அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஸ்பீக்கரில் பேசுவேன்.

ஆடி வெள்ளியன்று அம்மா கேட்டாள். “அம்மன் முகம் நல்லா தெரிஞ்சுதாடி?”

“தெரிஞ்சுதும்மா.”

“எனக்காக வேண்டிக்கிட்டியா?”

“வேண்டிக்கிட்டேன்.”

அடுத்த ஞாயிறு திவ்யா பேசினாள். “ஏன் எல்லாப் படத்துலயும் விரல தூக்கிட்டு நிக்கிறே? அங்க அதுதான் ஸ்டைலா? ஆனா செம அழகா இருக்கேக்கா. என் ஃபிரெண்ட்ஸ்கிட்ட காட்டினேன், உங்க அக்காவான்னு கேட்டாளுங்க. எனக்கு வயிறு எரியுது போ.”

அத்தை பக்கத்தில் இருந்ததால்தான் நான் உண்மையைச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். அத்தை அந்த நேரம் அடுப்பைப் பார்க்க எழுந்து போயிருந்தாள். அரை நிமிடம் இருந்தது. ஆனால் பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்து யாரும் வயிறெரிந்ததில்லை. முதல் மதிப்பெண் அவள், பேச்சுப் போட்டி அவள், வீட்டுக்கு வருகிறவர்கள் கூப்பிட்டுப் பேசுவதும் அவளைத்தான். அந்த அரை நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது.

“ஆமா, இங்க ரொம்ப நல்லா இருக்கு” என்றேன்.

கொண்டாட்டம் நடந்த இடத்துக்கெல்லாம் நானும் போனேன், வடையாக. தேசிய தினத்தன்று மட்டும் எண்ணூறு வடை. மாலையில் போர் விமானங்கள் வீட்டுக்கு மேலேயே போவதுபோல் சத்தம். கையில் மாவோடு சன்னலுக்கு ஓடினேன். எதிர் அடுக்குமாடியின் கொடிகள்தான் தெரிந்தன. மாமாவும் வித்யாவும் விழா பார்க்கப் போயிருந்தார்கள். அத்தை போகவில்லை. அவளும் என்னோடுதான் நின்று சுட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நான் வந்தப்ப எனக்கு யாருடி ஊரைச் சுத்திக் காட்டினா?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாள் திவ்யாவின் உடையில் நான் நிற்கும் படம் போனது. அன்றே போனில் அத்தை சொன்னாள். “அண்ணி, ஈஸ்வரிக்குப் பதினாறாந் தேதியோட முப்பது நாள் முடியுது. தீபாவளி வரைக்கும் இங்க விழாதான். சின்னவளும் வந்து பார்த்துட்டுப் போகட்டுமே. அண்ணன் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தானே பாஸ்போர்ட் எடுத்தாரு?”

திவ்யா கத்திய கத்து சமையலறை முழுவதும் கேட்டது.

திவ்யா பிளஸ் டூ முடித்து நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். சான்றிதழ் சரிபார்க்க எந்த வாரமும் அழைப்பு வரலாம். சொன்ன தேதியில் நேரில் போகாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அழைப்பு வந்தால் உடனே டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவதாக அத்தை சொன்னாள். மாவு மூட்டைகளை நான் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கான ஆர்டர் தாள்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். அனுப்பமாட்டாள்.

அன்றிரவே வித்யாவிடம் போன் கேட்டேன். நான் ஒன்றைக் கேட்டதே அவளுக்கு ஆச்சரியம்.

“அம்மாவுக்குத் தெரிஞ்சா நான் காலி. டூ மினிட்ஸ்தான், ஓகே?”

இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டு திவ்யாவைக் கூப்பிட்டேன். “வராதே. இங்க சுத்திக் காட்டவெல்லாம் மாட்டாங்க. வெங்காயம் உரிக்கணும். படமெல்லாம் ஒரே நாள்ல எடுத்தது.”

அவள் சிரித்தாள். “ஒரே நாள்லயா? அஞ்சு டிரஸ்லயா? கதை விடறதுக்கும் ஒரு அளவு வேணும்க்கா.”

“சத்தியமா.”

“நீயேதானே நல்லா இருக்குன்னு சொன்னே? மூணு வாரமா சொன்னியே! நான் வர்றேன்னதும் மாத்திப் பேசறே. உனக்குன்னு ஒன்னு கிடைச்சுச்சு, அதுல நான் பங்குக்கு வர்றது பிடிக்கல. அவ்வளவுதானே?”

அம்மா போனை வாங்கினாள். “என்னடி இது? ஆடி வெள்ளிக்குக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா. உங்க அத்தை காதுல விழுந்தா எவ்வளவு வருத்தப்படுவா?”

நான் கோயிலுக்குள்ளே போகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மன் முகம் தெரிந்தது என்று சொன்னதும் நான்தான். நேரம் முடிந்துவிட்டது, வித்யா கதவைத் தட்டினாள்.

பதினாறாம் தேதி காலையில் திவ்யாவின் விமானம் வந்தது, பிற்பகலில் எனக்கு விமானம். ஒரே தடவையாகப் போய்விட்டு வந்துவிடலாம் என்று அத்தை அப்படி டிக்கெட் போட்டிருந்தாள். வரும் வழியில் வேனில் என் பாஸ்போர்ட்டையும் முறுக்குப் பொட்டலம் ஒன்றையும் கையில் கொடுத்தாள். “ஊர்ல எல்லாருக்கும் குடு. நீ செஞ்சதுதான்.”

திவ்யா புதுப் பெட்டியோடு வந்தாள். அப்பா வாங்கிக்கொடுத்திருக்கிறார். அத்தையைக் கட்டிப்பிடித்தாள், என்னை இல்லை. அத்தை தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாள். எங்களுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது.

“லெட்டர் வந்துச்சா?” என்றேன்.

“முந்தாநாள்தான் வந்துச்சு. இருபத்தெட்டாந் தேதி வரச் சொல்லியிருக்காங்க. அத்தைகிட்ட சொல்லிட்டேன். அனுப்பிடறேன்னு சொல்லிட்டாங்க.”

“அனுப்பமாட்டாங்க, திவ்யா. பாஸ்போர்ட்ட கேட்பாங்க, குடுக்காதே. என் கையைப் பாரு.” இரண்டு கைகளையும் விரித்து நீட்டினேன். எண்ணெய் தெறித்த புள்ளிகள் முழங்கை வரை இருந்தன. நகங்களுக்கு அடியில் வெங்காயக் கறை போகவே இல்லை.

அவள் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. நம்பிவிட்டாள் என்று தெரிந்தது. எனக்கு அதுவே போதும்போல் இருந்தது. என்னோடு திரும்ப அழைத்துப்போக டிக்கெட் எப்படி எடுப்பது, அப்பாவுக்கு எங்கிருந்து போன் செய்வது என்று அதற்குள் யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

“ஏன் முன்னாடியே சொல்லல?” என்றாள்.

அத்தை பக்கத்தில் இருந்தாள் என்று சொல்லியிருக்கலாம். போன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளிடம் மட்டும் இன்னொரு பொய் வேண்டாம் என்று நினைத்தேன்.

“வயிறு எரியுதுன்னு சொன்னே இல்ல, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதனாலதான்” என்றேன்.

“அதுக்காகவா என்னை ஏமாத்தினே?” என்றாள். அத்தை பாட்டிலோடு வந்து, “என்ன, அக்காளும் தங்கச்சியும் ரகசியமா? மாமா வேன்ல உட்கார்ந்திருக்காரு, வா வா” என்று அவள் தோளில் கைபோட்டாள். திவ்யா குனிந்து கைப்பையைத் திறந்தாள். பாஸ்போர்ட்டை எடுத்து, அத்தை கேட்பதற்கு முன்பே, என் கண்ணெதிரில் அத்தையின் கையில் கொடுத்தாள்.

“திவ்யா!” என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் யாரையும் கூப்பிட்டதில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே போனாள்.