அந்தோனியார் தலையில் கட்டிய பிள்ளைகள்

எங்கள் தோட்டத்து ஒபிஸில் சேர்வர் விழுந்தால் பெரிய கிளாக்கர் ஸ்டீபன் ஐயா முதலில் என்னைத்தான் முறைப்பார். கணினியில் பெயர் பதிகிறவள் நான்தானே. வோல்டேஜ் என்பார், மழை என்பார், ஒருநாள் என் கைபேசியைக்கூடப் பிடுங்கி வைத்தார்.

மேல் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மலை வெடித்து, எந்நேரமும் சரியலாம் என்றிருந்தது. நானும் அம்மாவும் அந்த லயத்தில்தான். அங்கே இருப்பவர்களுக்கு வீடு கட்டத் தெரணியகலைப் பாதையில் ஏழு பேர்ச் காணி தருகிறார்கள். பட்டியல் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மூடப்படும். அதில் பெயர் இல்லாதவர்கள் வெடிப்புக்குக் கீழேயே கிடக்க வேண்டியதுதான்.

இந்தச் சனியன் பிடித்த சேர்வரோ நினைத்த நேரத்தில் விழும். கடைசியாகத் தொட்ட பெயரையும் அழித்துவிடும். மென்பொருள் செய்த கொழும்பு சஞ்சீவைக் கேட்டால், "ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க மிஸ்" என்பான்.

ஸ்டீபன் ஐயாவிடம் வேறு வைத்தியம் இருந்தது. சிலுவை போட்டுக்கொள்வார். அப்பா பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால், "எங்க கோயில் அந்தோனியார் பேரப் போடு புள்ள, ஏறிரும்" என்பார். ஏறிவிடும்! முதல் நாள் என் பெயரைப் பதிந்தபோதும் அப்படித்தான். அந்தோனி மகள் ரோஷானி. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

வெள்ளி மூன்று மணிக்கு, ரப்பர் பால் வெட்டுகிற மரியாயி அக்கா வந்தார். பதிந்தேன். விழுந்தது.

"அந்தோனியார் பேரப் போடு" என்றார் ஐயா.

மரியாயி அக்கா மேசையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். "அவரு சாமிங்க ஐயா. மெழுகுவத்தி கொளுத்துவேன், அப்பான்னு சொல்ல மாட்டேன். எங்கம்மா ஒத்த ஆளா என்னைய வளத்தா. அந்த எடம் சும்மாவே கெடக்கட்டும்."

"நாலு மணிக்கு மூடிருவாங்க மரியாயி!"

"மூடட்டுங்க."

எனக்குச் சுருக்கென்றது. சேர்வர் விழும்போதெல்லாம் யார் பெயர் பதிந்தேன் என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். புரட்டினேன். எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் அப்பா பெயர் இல்லை. அடப்பாவிகளா! வோல்டேஜும் இல்லை, மழையும் இல்லை.

சஞ்சீவை அழைத்தேன்.

"அப்பா பேர் இல்லாத ஆள் இருப்பாங்கன்னு நாங்க யோசிக்கல்ல மிஸ். ஏதாவது ஒன்னப் போட்டு விடுங்க. புரோகிராம் கோட்ல கை வைக்காதீங்க, திங்கட்கிழமை பாப்போம்."

"மலை திங்கட்கிழமை வரைக்கும் நிக்குமான்னு கேட்டுச் சொல்றீங்களா?" என்று போனை வைத்தேன்.

"வேல போயிரும் புள்ள" என்றார் ஐயா.

"போகட்டுங்க."

முதலில் எல்லாவற்றையும் பென் டிரைவில் பிரதி எடுத்தேன். பிறகு மென்பொருளின் கோட் வரிகளைத் திறந்தேன். அப்பா பெயரின் முதல் எழுத்தை எடுத்து இனிஷலாக ஒட்டுகிற வரி ஒன்று இருந்தது. பெயரே இல்லாதபோது எழுத்துக்கு எங்கே போகும்? அங்கேதான் விழுந்திருக்கிறது. கட்டம் வெறுமையானால் அப்படியே விட்டுவிடு என்று எழுதினேன். ஓடவிட்டேன். மறுபடி விழுந்தது. ஐயா சிலுவை போட்டார். காணிக் கார்டு அச்சடிக்கிற இடத்திலும் அதே வரி இருந்தது. அதையும் திருத்தினேன்.

மூன்று ஐம்பதுக்கு மரியாயி அக்காவின் பெயர் ஏறியது. முன்னால் ஓர் எழுத்தும் இல்லாமல், மரியாயி என்று.

"ஏறிருச்சா?"

"ஏறிருச்சு அக்கா."

ஐயா பெருமூச்சு விட்டார். "அப்பாடா. மூடு புள்ள."

"கொஞ்சம் இருங்க ஐயா. இன்னும் ஒரு பேரு இருக்கு."

பட்டியலின் முதல் பெயரைத் திறந்தேன். விழுந்தால் என் பெயர் போய்விடும், பிரதியிலிருந்து மீட்க நேரமில்லை, அம்மாவுக்கும் எனக்கும் காணி இல்லை. அந்தோனியை அழித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

சேர்வர் விழவில்லை. ரோஷானி என்று மட்டும் வந்தது.