தகுதி நீக்கம்

"நீங்க குடிப்பீங்களா சார்?"

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தக் கேள்விய உன் புருஷன்கிட்ட கேளு."

எட்டு வருடத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. அவர் அவள் கணவனின் அண்ணன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். குடும்பத்தில் எங்கே சண்டை வந்தாலும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அதனால் அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் எல்லோரும் அவரை நீதிபதி என்பார்கள்.

அவளை ஆஸ்பத்திரியில் சிஸ்டர் என்பார்கள். கல்லீரல் பிரிவில் ஒரு புது மாத்திரையைச் சோதிக்கும் ஆராய்ச்சிக்குப் பொறுப்பு நர்ஸ். குடிப்பழக்கம் இல்லாமலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, வீங்கி, தழும்பு விழுந்தவர்களுக்கான மாத்திரை அது. பாதிப் பேருக்கு அசல், மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே வடிவத்தில் ஒன்றுமில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. ஆராய்ச்சியில் சேர வருகிறவர் யாராக இருந்தாலும் குடியைப் பற்றிக் கேட்டே ஆகவேண்டும். கேட்டதும் சிலர் சிரிப்பார்கள், சிலர் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்கள். நீதிபதி முறைத்தார்.

"எல்லாரையும் கேக்கிறதுதான் சார்."

"கையால தொட்டதில்ல. எழுதிக்கோ."

அவள் எழுதிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த நீதிபதியின் மனைவி, "வாய்ல ஒரு பாக்குகூடப் போடமாட்டாரும்மா," என்று மெல்லச் சொன்னாள். அவளுக்கு இவளைப் பார்த்துப் பேச ஆசைதான். கணவர் பக்கத்தில் இருந்ததால் மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

எட்டு வருடத்துக்கு முன் சிஸ்டரின் கணவன் மோசமாகக் குடித்துக்கொண்டிருந்தான். அப்போது எல்லோரும் ஒரே வீடு. ஒருநாள் பட்டப்பகலில் அவன் தள்ளாடிக்கொண்டு வந்து வாசலில் விழுந்தபோது, நீதிபதி அவனுடைய துணிமணியை மூட்டையாகக் கட்டித் தெருவில் வீசினார். கூடவே இவளுடைய சூட்கேஸையும் வீசினார். "குடிகாரனோட வாழ்றவளுக்கும் இந்த வீட்ல இடமில்ல," என்றார். தெருவே வேடிக்கை பார்த்தது. சூட்கேஸின் பூட்டு உடைந்து அவளுடைய உள்ளாடைகள் சாக்கடை ஓரம் சிதறின. அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அவர் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவன் பிறகு குடியை விட்டான். பல தடவை வழுக்கி, பல தடவை எழுந்து, ஒருவழியாக விட்டே விட்டான். இப்போது ஒரு லேத் பட்டறையில் மேஸ்திரி. ஆனாலும் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நீதிபதி வெளியே போனதும் சிஸ்டர் பெரிய டாக்டரிடம் போனாள். அந்த அம்மாள்தான் ஆராய்ச்சியின் தலைவர்.

"மேடம், இப்ப வந்தவர் என் வீட்டுக்காரரோட அண்ணன். எங்களுக்குள்ள ஆகாது."

"அப்ப இவரு விஷயத்துல நீங்க கைவைக்காதீங்க சிஸ்டர். ரத்தம் வேற ஆள் எடுக்கட்டும். எதுவும் உங்க கைக்கு வர வேணாம்."

அப்படியே நடந்தது. விலா இடுக்கில் கருவியை வைத்து, விரலால் சுண்டுவதுபோல் தட்டிப் பார்க்கும் ஸ்கேனை டெக்னீஷியன் எடுத்தான். ஈரல் நன்றாக விறைத்திருந்தது. தழும்பு முற்றிக்கொண்டிருக்கிறது, இன்னும் ஒரு படி ஏறினால் இறங்குவது கடினம் என்றார் பெரிய டாக்டர். ரத்தத்தை வேறொரு நர்ஸ் எடுத்து வெளி லேபுக்கு அனுப்பினாள்.

அங்கே செய்யும் பரிசோதனைகளில் ஒன்று, கடந்த சில வாரங்களில் குடித்திருந்தால் ரத்தத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். நீதிபதியின் ரத்தம் காட்டிக்கொடுத்தது. இருமல் மருந்து குடித்ததற்கு வருகிற அளவு இல்லை அது. அநேகமாகத் தினமும் உட்கார்ந்து குடிக்கிறவருக்கு வருகிற அளவு.

பெரிய டாக்டர் அவரைத் தனியாக அழைத்துச் சொன்னார். இந்த ஆராய்ச்சியில் சேர முடியாது, ஆனால் குடியை நிறுத்த உதவும் பிரிவு இதே மாடியில் இருக்கிறது, அங்கே போனால் ஈரலைக் காப்பாற்றலாம் என்றார். நீதிபதி கேட்டு முடித்துவிட்டு எழுந்தார். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, வெளியே உட்கார்ந்திருக்கும் நோயாளிகளுக்கெல்லாம் கேட்கும்படி பேசினார்.

"இது யாரு வேலைன்னு எனக்குத் தெரியும். அதோ நிக்கிறாளே, அவ என் தம்பி பொண்டாட்டி. பழைய பகைய மனசுல வெச்சுக்கிட்டு என் ரத்தத்த மாத்திட்டா. நான் விடமாட்டேன்."

சிஸ்டரின் கையில் ஒரு நோயாளிக்குக் கொடுக்கவேண்டிய மாத்திரைப் பெட்டி இருந்தது. அதை அவள் கீழே வைக்கவில்லை. "அடுத்தவங்க வாங்க," என்றாள்.

நீதிபதி புகார் கொடுத்தார். ஆஸ்பத்திரி நிர்வாகம் விசாரித்தது. சிஸ்டர் மூன்று பேர் முன்னால் நின்று, தான் அந்த ரத்தத்தைக் கண்ணாலும் பார்க்கவில்லை என்று சொல்லவேண்டி வந்தது. பெரிய டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்தார்: இன்னொரு தடவை ரத்தம் எடுப்போம், அவர் கண்முன்னால் சீல் வைப்போம், வேறு லேபுக்கு அனுப்புவோம். நீதிபதிக்கு மறுக்க வழியில்லை. சட்டைக் கையை மடித்து நீட்டினார். இரண்டாவது லேபும் அதையே சொன்னது; விசாரணையில் இருந்ததால் சிஸ்டருக்கும் அது தெரியவந்தது. புகார் கைவிடப்பட்டது. அவள் மீது தவறில்லை என்று நிர்வாக அதிகாரி சொன்னார். அதை அவர் தணிந்த குரலில், நடந்துகொண்டே சொன்னார்.

இதற்குள் உறவு முழுக்க விஷயம் வேறு மாதிரிப் பரவிவிட்டது. புது மருந்து கொடுத்தால் பிழைத்துக்கொள்வார், சின்னவன் பெண்டாட்டி வேண்டுமென்றே வெளியே தள்ளிவிட்டாள் என்று.

பட்டறையிலிருந்து வந்த கணவன் கைகூடக் கழுவவில்லை.

"அண்ணனுக்கு மருந்து இல்லன்னு அனுப்பிட்டியாமே?"

"நான் அனுப்பல. விதிமுறைக்குள்ள அவர் வரல."

"என்ன விதிமுறை?"

"நோயாளி விஷயம். வெளிய சொல்லக்கூடாது."

"நான் வெளியாளா?"

"இதுல எல்லாருமே வெளியாள்தான்."

அவன் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு உட்கார்ந்தான். "என்னை அடிச்சுத் துரத்துனாருதான். நான் இல்லங்கல. ஆனா அன்னைக்கு அவர் துரத்தலன்னா நான் செத்திருப்பேன். குடிய விடுறப்ப ஒவ்வொரு நாளும் அவரத்தான் நெனச்சுக்குவேன். ஒரே வயித்துல பொறந்தவரு, அவரால தொடாம இருக்க முடியுது, நம்மால முடியாதான்னு. அந்த மனுஷனோட உயிர்ல போயி கைய வெச்சிருக்க."

அவள் சொல்ல நினைத்ததெல்லாம் தொண்டைக்குழி வரை வந்தது. சாக்கடை ஓரம் குனிந்து பொறுக்கிய துணியும் கூடவே வந்தது. ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையில் மாடியில் நின்ற மனிதர் கீழே விழுந்துவிடுவார். ஆனால் இவன் பிடித்துக்கொண்டு நிற்கிற கம்பும் அதோடு போய்விடும்.

"சாப்பிட வாங்க," என்றாள்.

"நீயே தின்னு," என்று அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

அந்த வாரமே நீதிபதியின் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்தாள், தனியாக. நடைபாதையில் சிஸ்டரை மறித்துக்கொண்டாள்.

"அன்னைக்குத் தெருவுல நடந்தது தப்புதான். அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். உன் கால்லகூட விழறேன். அந்த மாத்திரைய மட்டும் கொடுக்கச் சொல்லு."

"அக்கா, அது என் கையில இல்ல."

"எல்லாம் உன் கையிலதான் இருக்கு. நல்லா வெச்சு செய்யற. உன் புருஷன் விழுந்து கெடந்தப்ப யாரு தண்ணி தெளிச்சு எழுப்புனா? நான்தான. அந்த நன்றிகூட வேணாமா? இவ்வளவு விஷத்த வெச்சுக்கிட்டு நோயாளிங்களுக்கு எப்படித்தான் ஊசி போடறியோ."

போகிறவர் வருகிறவர் நின்று பார்த்தார்கள். சிஸ்டர் அவள் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள். அவள் கையை உதறினாள்.

"ஏன் சேத்துக்கலன்னு காரணத்த மட்டுமாவது சொல்லு."

"அவர்கிட்டயே கேளுங்க அக்கா."

"என்னத்த கேக்க?"

"டாக்டர் என்ன சொன்னாங்கன்னு கேளுங்க. என்கிட்டருந்து இதுக்கு மேல ஒரு வார்த்தை வராது."

நீதிபதியின் மனைவி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். அவள் முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது. கண்கள் மட்டும் எங்கோ போயிருந்தன. வண்டிக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று அவர் டிரைவிங் ஸ்கூல் அறையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருகிற மாலைகளை நினைத்தாளோ, வந்ததும் நேராகக் குளியலறைக்குப் போகிற பழக்கத்தை நினைத்தாளோ. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கினாள்.

அடுத்த நாள் காலை நீதிபதி வந்தார். சிஸ்டர் மருந்து அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"அவகிட்ட என்ன சொன்ன?"

"உங்ககிட்ட கேக்கச் சொன்னேன் சார்."

"சார் மோர்னு பேசாத. நான் என்ன வேத்தாளா?"

"நீங்கதான வேத்தாளா ஆக்குனீங்க."

அவர் அலமாரியில் சாய்ந்து நின்றார். கண்ணின் வெள்ளையில் லேசாக மஞ்சள் தட்டியிருப்பதை அவள் கவனித்தாள். ராத்திரி தூங்காத முகம்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஏன் சொல்லல? எட்டு வருஷமா இதுக்குத்தான காத்துக்கிட்டிருந்த?"

"சொல்லணும்னு ஆசை இல்லாம இல்ல. மைக் வெச்சுச் சொல்லணும்போல இருக்கு. என் சூட்கேஸ வீசுன அதே தெருவுல நின்னு சொல்லணும்போல இருக்கு." குரல் உயராமல்தான் பேசினாள். "ஆனா நோயாளி ரகசியத்த வெளிய விட்டா நான் இந்த வேலைக்கே லாயக்கில்ல. உங்களுக்காகச் சொல்லாம இல்ல. அப்படி எதுவும் நெனச்சுக்காதீங்க."

"நானும் அவனும் ஒண்ணில்ல. நான் ஒருநாளும் தள்ளாடினதில்ல. தெருவுல விழுந்ததில்ல. அளவோட நிறுத்திக்கறவன்."

"ஈரலுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. கொழுப்பு ஒரு பக்கம், குடி ஒரு பக்கம், ரெண்டும் சேந்து அரிக்குது. இன்னும் கொஞ்ச நாள் போனா வயித்துல தண்ணி கட்டும். ரத்த வாந்தி எடுப்பீங்க. அப்ப எந்த மாத்திரையும் கேக்காது. இத நான் தம்பி பொண்டாட்டியாச் சொல்லல, நர்ஸாச் சொல்றேன். நடைபாதை கடைசியில இடது பக்க ரூம். புதன்கிழமைல டாக்டர் இருப்பாரு. ஆனா ஒண்ணு, நீங்களா ஒருநாள்ல நிறுத்திடாதீங்க. அதுவும் ஆபத்து. அங்க வந்து கேட்டு நிறுத்துங்க."

"உன் உபகாரம் எனக்கு வேணாம்."

"உபகாரமில்ல. எல்லா நோயாளிக்கும் சொல்றதுதான்."

அவர் போய்விட்டார். கதவு அறைந்து சாத்தப்பட்டது. புதன்கிழமை வந்தது, அவர் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே டிரைவிங் ஸ்கூல் கார் வந்து நின்றது. நீதிபதி மேலே ஏறவில்லை. ஹாரனை ஒருமுறை அடித்தார். கணவன் எட்டிப் பார்த்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினான். சிஸ்டர் ஜன்னலில் நின்றாள். இருவரும் காருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். பேசுவது அண்ணன்தான், தம்பி தலையைக் குனிந்திருந்தான். திடீரென்று தம்பி காரின் முன்பலகையில் ஓங்கி ஒரு குத்து விட்டான்.

மேலே வந்தவன் முகத்தைக் கழுவினான். துடைக்காமல் அவள் முன்னால் வந்து நின்றான்.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"என்னை முட்டாளாக்கி வேடிக்கை பாத்திருக்க. நான் அந்த ஆளப் பத்திப் பெருமையா பேசப்பேச, சாப்பிட வாங்கன்னு சொல்லிட்டு நின்ன."

"வேற என்ன சொல்லியிருக்கணும்?"

"தெரியல," என்றான். "ஆனா கோவமா இருக்கு. அவர் மேலயும் இருக்கு, உன் மேலதான் அதிகமா இருக்கு. ஏன்னு கேக்காத."

அவள் கேட்கவில்லை. ஆனால் பயந்தாள். அன்று முழுக்க அவன் எங்கே போகிறான், எப்போது வருகிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவன் எங்கும் போகவில்லை. கூடத்தில் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்து வந்த நாட்களில் அவளோடு பேச்சு இல்லை. தண்ணீர், சாவி, குடை என்று பொருள்களின் பெயரை மட்டும் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை மாலை வந்து, "நாளைக்கு நான் பட்டறைக்கு லீவு," என்றான்.

புதன்கிழமை காலை நடைபாதைக் கடைசியில், இடது பக்க அறைக்கு வெளியே பெஞ்சில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தார்கள். சிஸ்டர் அந்த வழியாகத்தான் போகவேண்டியிருந்தது. நீதிபதி எதிர்ச் சுவரில் இருந்த கைகழுவும் விளம்பரத்தைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். அவள் கடந்து போகும்வரை கண்ணை எடுக்கவில்லை. கணவன் அவளைப் பார்த்தான். சிரிக்கவில்லை, திரும்பிக்கொள்ளவும் இல்லை.

உள்ளேயிருந்து அழைத்தார்கள். நீதிபதி எழவில்லை.

"கூப்பிடறாங்க, எந்திரிங்க," என்றான் தம்பி.

"நீ வெளிய இரு. நான் பேசிக்கறேன்."

"நீங்க என்ன பேசுவீங்கன்னு எனக்குத் தெரியும். நானும் இதே மாதிரிப் பேசினவன்தான். எந்திரிங்க."

"அதிகாரம் பண்ணாத."

"இன்னைக்குப் பண்ணுவேன்."

நீதிபதி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். தம்பி நீட்டிய கையை அவர் பிடிக்கவில்லை. இருவரும் உள்ளே போனார்கள், கதவு சாத்திக்கொண்டது. சிஸ்டர் தன் அறைக்கு வந்தாள். மேசைக்கு எதிரே ஒரு புது ஆள் மனைவியோடு காத்திருந்தார். படிவத்தை எடுத்துக்கொண்டு, "நீங்க குடிப்பீங்களா சார்?" என்றாள்.