மிச்சத்தைக் கையில் தேய்த்துக்கொண்டவள்

பிரகாசியின் மேல் தண்ணீர் ஒட்டாமல் போய் ஆறு நாள் ஆகியிருந்தது. மழை அவளை விட்டு ஒரு சாண் தள்ளிப் பெய்தது. குளித்தால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றது. பக்கத்து வீட்டுக்காரி அதை வாளியில் பிடித்துக்கொண்டாள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். பிரகாசி ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில் குழாய்களுக்குப் பூச்சு பூசுகிறவள். இருதய ஆபரேஷனில் ரத்தம் அந்தக் குழாய் வழியாகத்தான் மெஷினுக்குப் போய்வரும். வெறுங்குழாயைக் கண்டால் ரத்தம் உறைந்துவிடும். பூச்சு பூசிய குழாயில் சேம்பு இலைத் தண்ணீர்போல உருண்டு ஓடும். உடம்பும் அதை அந்நியம் என்று விரட்டாது.

வேலை முடிந்தால் கிண்ணத்தில் ஒரு கரண்டிப் பூச்சு மிஞ்சும். தலைக்கு வைத்த எண்ணெய் மிஞ்சினால் யாரும் கொட்டுவதில்லை, கைகாலில் தேய்த்துக்கொள்வார்கள். பிரகாசியும் அப்படித்தான் செய்தாள். ஏழு வருஷமாக.

மகள் ஜெனோவாவுக்கு நாலு வயது. இருதயத்தில் ஓட்டை. இன்று நாலு மணிக்கு ஆபரேஷன். அதற்குள் தாய் சம்மதத் தாளில் கைரேகை வைக்க வேண்டும். பேனா ஆறு நாளாகவே அவள் விரலில் நிற்கவில்லை.

பிள்ளையும் நிற்கவில்லை. தூக்கினால் வழுக்கி இறங்கியது. முந்தானையால் இடுப்போடு கட்டினாள். முடிச்சு அவிழ்ந்தது.

“எம்மா, ஏன் என்னையக் கீழ போடுத?” என்று ஜெனோவா கேட்டாள்.

“போடலட்டி,” என்றாள் பிரகாசி.

ரேகை அறை முப்பது அடி தூரம். தரை அவள் காலைப் பிடித்துக்கொள்ளாததால் வராந்தா நீண்டுகொண்டே போனது. ஒரு மணிக்குக் கிளம்பியவள் மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

எழுத்தர் சவரிராயன் அவள் கட்டைவிரலை மையில் அழுத்தினார். மை உருண்டு மேசை விளிம்பு வரை போனது. கீழே எட்டிப் பார்த்துவிட்டுப் புட்டிக்குத் திரும்பியது.

“கையில என்னம்மா தேச்சிருக்கீய?”

“மிஞ்சினது சார். வீணாப் போகுமேன்னு.”

“எங்க வீட்லயும் இப்படித்தான். மிஞ்சின எண்ணெய என் தலையில தேச்சிருவா.” வழுக்கையைத் தடவிக்கொண்டார். “ஆனா மை ஒட்டலைன்னா நீங்க வரலைன்னு அர்த்தம்.”

“இந்தா நிக்கேனே.”

“நிக்கீய. வரலை.”

“பிள்ளைக்கு நாலு மணிக்கு ஆபரேஷன் சார். வேற வழியே இல்லையா?”

சவரிராயன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “இருக்கு. தாய் இல்லாத பிள்ளைக்கு ரேகை வேண்டாம். நேரா உள்ள போயிரலாம்.”

“தாய் இல்லைன்னு யார் சொல்லணும்?”

“தாய்தான் வந்து சொல்லணும்.”

“நான்தான் வரலைன்னீயளே.”

“அதனாலதான் செல்லும்.”

கதவு வழியே தள்ளுவண்டி தெரிந்தது. ஜெனோவாவின் உதடு நீலம் பூத்திருந்தது. மணி நாலுக்கு இரண்டு நிமிஷம்.

“ஜெனோவாவுக்குத் தாய் இல்லை,” என்றாள் பிரகாசி. இந்த வார்த்தையும் வழுக்கிவிடும் என்று நம்பினாள். வழுக்கவில்லை. சவரிராயன் எழுதினார். மை அந்தக் கணமே காய்ந்தது.

உள்ளேயிருந்து பரிசோதகர் ஸ்டெல்லா ஓடி வந்தாள். “குழாய் ஒரு முழம் குறையுது. இன்னிக்குப் பூசினதுல ரத்தம் ஒட்டுது. பிரகாசி ஏன் வேலைக்கு வரலை?”

“அவ எங்கயும் வரலை,” என்றார் சவரிராயன்.

ஸ்டெல்லா பிரகாசியின் உள்ளங்கையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டுச் சாய்த்தாள். தடமில்லாமல் ஓடியது. குழாய்க்கு ஒட்டும் அடையாளச் சீட்டை அதில் ஒட்டினாள். சீட்டு விழுந்தது. “நல்ல தரம்,” என்றாள்.

பிரகாசியைப் பிள்ளைக்கும் மெஷினுக்கும் நடுவில் நிறுத்தினார்கள். அவள் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். ஜெனோவாவின் ரத்தம் மணிக்கட்டில் ஏறி விரல் நுனியில் இறங்கியது. இளஞ்சூடாக இருந்தது. ஆறு நாளுக்குப் பிறகு பிள்ளை கைக்கு வந்திருந்தாள்.

ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு தங்கினால் போதும் என்று மனசு அடித்துக்கொண்டது. தங்கினால் உறையும். உறைந்தது பிள்ளைக்குள் போகும். ஏழு வருஷ வேலைக்காரிக்கு அது தெரியாதா? கையை இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள்.

“முடிஞ்சிட்டு,” என்றார் டாக்டர். “ஓட்டை அடைஞ்சிட்டு.”

ஸ்டெல்லா பூதக்கண்ணாடி வைத்துப் பிரகாசியின் கையைப் பார்த்தாள். “ஒண்ணும் ஒட்டலை. கழுவவே வேண்டாம்.” பிரகாசியை வெள்ளைத் துணியில் சுற்றி, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் மற்ற குழாய்களோடு நிறுத்திப் பூட்டினாள்.

ஜெனோவாவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். உதடு சிவந்திருந்தது. அலமாரியைத் தாண்டும்போது அவள் கண் விழித்து, கண்ணாடியில் கையை வைத்தாள். ஐந்து விரலும் பதிந்தன.

“அந்தப் பிள்ளைக்கு யாரும் இருக்கீயளா?” என்று சவரிராயன் வராந்தாவில் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

ஸ்டெல்லா ஈரத் துணியோடு கண்ணாடி துடைக்க வந்துகொண்டிருந்தாள். வராந்தா முப்பது அடிதான். பிரகாசி துணிச்சுற்றுக்குள்ளிருந்து கையை உருவி, உள்பக்கமாக அந்த ஐந்து விரல்மேல் வைத்தாள். கை வழுக்கியது. மறுபடி வைத்தாள்.