பத்தாவது கோடு

அவன் கடைசல் பட்டறையில் வேலை பார்ப்பவன். அங்கே ஓர் இரும்புத் துண்டு சொன்ன அளவுக்கு மயிரிழை குறைந்தாலும் கழிவுப் பெட்டிக்குத்தான் போகும். அதனால், ஒரு வயது மகளை எடை பார்க்கக் கூட்டிப்போன அன்று, நர்ஸ் "பாப்பா பத்தாவது பெர்சன்டைல்ல இருக்கா" என்று அட்டையில் புள்ளி வைத்ததும் அவன் அதை மார்க்காகவே எடுத்துக்கொண்டான். நூற்றுக்குப் பத்து வாங்கி யார் தேறியிருக்கிறார்கள்?

அன்றிலிருந்து மகள் சிட்டுவை அவன் விடவில்லை. கிண்ணமும் கையுமாக வீடு முழுக்கத் துரத்தினான். அவள் வாயை இறுக மூடிக்கொள்வாள். மீறி ஊட்டினால் அத்தனையையும் அவன் சட்டையிலேயே கக்கிவிட்டுச் சிரிப்பாள். மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"மொதல்ல நீங்க கண்ணாடியில பாருங்க. காத்தடிச்சா பறந்துடுவீங்க. உங்க பொண்ணு வேற எப்படி இருப்பா?"

மாடியில் அண்ணன் குடும்பம். அண்ணன் மகனுக்கும் சிட்டு வயதுதான். பிறக்கும்போதே கன்னமும் தொடை மடிப்புமாகப் பிறந்ததால் குண்டு என்றே பேர் நிலைத்துவிட்டது. எடை அட்டையில் குண்டு கரெக்டாக நடுக்கோட்டில் இருக்கிறான் என்று அண்ணி சொல்லும்போதெல்லாம் இவனுக்குச் சுருக்கென்றது.

மனசு கேட்காமல் டாக்டரிடமே போனான். டாக்டரம்மா இவனைவிடச் சின்னவள். சிட்டுவைத் தரையில் விட்டு, அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தபடியே பேசினாள்.

"இது மார்க் இல்லைங்க. இவ வயசுப் பொண்ணுங்க நூறு பேரை எடை கம்மியானவங்கள்ல ஆரம்பிச்சு வரிசையா நிக்க வச்சா, இவ முன்னாலருந்து பத்தாவதா நிப்பா. அந்த எடத்துல யாராவது நின்னுதானே ஆகணும்?"

அப்படியானால் எப்போது நடுவுக்கு வருவாள் என்று கேட்டான். வரவே வேண்டாம் என்றாள். நடு என்பது பாதிப் பிள்ளைகளை இந்தப் பக்கமும் பாதிப் பிள்ளைகளை அந்தப் பக்கமும் பிரிக்கிற இடம். எத்தனை ஊட்டினாலும் ஊரில் பாதிப் பிள்ளைகள் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். சராசரி எடை என்கிறார்களே, அது எல்லாரையும் கூட்டி வகுத்தால் வருவது, எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்கு இல்லை. சிட்டு பிறந்ததிலிருந்து தன் கோட்டை ஒட்டியே ஏறி வந்திருக்கிறாள்.

"எந்தக் கோடுன்னு பாக்காதீங்க. கோடு விட்டுக் கோடு எறங்கினாத்தான் எனக்குக் கவலை."

பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. சாயங்காலம் அண்ணனிடம் சொல்ல மாடிக்குப் போனான். குண்டுவின் எடை அட்டை பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. பேச்சுவாக்கில் பார்த்தவன் அட்டைக்குக் கிட்டே போனான். பிறந்தபோது உச்சிக்கோட்டில் இருந்த புள்ளி, அப்புறம் அடுத்த கோடு, அப்புறம் அதற்கும் கீழே. சறுக்கிச் சறுக்கித்தான் பையன் நடுவுக்கு வந்திருக்கிறான்.

சொன்னால் பொறாமை என்பார்கள். சொல்லாமலிருக்கவும் முடியவில்லை. அண்ணனை ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னான். அண்ணி காதிலும் விழுந்துவிட்டது.

"நடுவுல இருக்கறவனுக்கு என்ன கொறை? உங்க பொண்ணு நோஞ்சானா இருக்கான்னு எங்க பிள்ளை மேல கண்ணு வைக்காதீங்க தம்பி."

அதற்கப்புறம் படியில் எதிரே வந்தால் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். இவன் மனைவியோ, சொன்னது சரி, சொன்ன விதம்தான் முரட்டுப் பட்டறைத்தனம் என்றாள்.

ஆனால் அண்ணனுக்கு உறுத்தியிருக்கிறது. ஒருநாள் இவனைப் பட்டறைக்கு லீவு சொல்லக்கூட விடாமல் இழுத்துக்கொண்டு, பையனைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனான். அடிக்கடி உடம்பு லேசாகச் சுடும், பல் முளைக்கிற சூடு என்று விட்டுவிட்டோம் என்றான். சிறுநீரைப் பரிசோதித்ததில் கிருமித் தொற்று சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருந்தது தெரிந்தது. நல்லவேளை, மருந்துக்குக் கட்டுப்படும் நிலையில்தான் இருந்தது.

மருந்து முடிந்ததும் குண்டுவுக்குப் பசி திரும்பியது. தட்டில் இருப்பதை வழித்துவிட்டு அம்மா தட்டிலும் கை வைத்தான். புள்ளிகள் மெல்ல மேலே திரும்பின. அண்ணி நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த எடை பார்க்கும் நாள் காலையில் குண்டுவை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே வந்து நின்றாள்.

"தம்பி, நீங்களும் கூட வாங்க. எனக்கு அந்தக் கோடெல்லாம் புரியாது."

அவன் சிட்டுவுக்குச் செருப்பை மாட்டிவிட்டுக் கிளம்பினான்.