பின்சக்கரத்துக் காற்று

அன்று கார் கொட்டகையில் இருந்தவர்கள் நான்கு பேர். அக்கா. அவளுடைய கணவர், தையல்காரர். அவளுடைய தம்பி, மருந்துக்கடைக்காரன். மதிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி நின்ற பக்கத்து வீட்டுக்காரர். கார் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்துவதால் தெருவுக்கே அவர் கிளட்ச் வாத்தியார். இதற்கு மேல் ஒரு தலையைச் சேர்த்துச் சொல்பவர் யாராக இருந்தாலும், அவர் அங்கே இல்லை.

கார், அக்காவின் தகப்பனார் வைத்துவிட்டுப் போனது. இந்தக் குடும்பத்தில் பிறந்த எந்தக் குழந்தையும் வேறு வண்டியில் வீட்டுக்கு வந்ததில்லை. மறுநாள் காலை அக்காவின் தங்கை, பிறந்த பெண் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். அவள் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். கரைக்கு வர இன்னும் நாளாகும். ஆகவே அழைத்து வர வேண்டியவர்கள் பெரியப்பாவான தையல்காரரும், தாய்மாமனான தம்பியும்தான்.

அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

எல்லாம் ஒரு பேண்ட்டால் வந்தது. தங்கையின் கல்யாணத்துக்குத் தம்பிக்குப் பேண்ட் தைத்துக் கொடுத்தவர் தையல்காரர். போட்டுப் பார்த்தால் கணுக்காலுக்கு மேலே நின்றது. கல்யாணப் போட்டோ எதை எடுத்தாலும் மணமக்களுக்கு முன்னால் தம்பியின் காலுறைதான் கண்ணில் படும். வழியில் எங்கேயாவது வெள்ளமா என்று விருந்தாளி ஒருவர் கேட்டு வைத்தார். அளவு சரிதான், அவன் கால்தான் வளர்ந்துவிட்டது என்றார் தையல்காரர். அன்றோடு சரி. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட, உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு என்று இருவரும் அக்காவிடம்தான் சொல்வார்கள். இந்தக் குடும்பத்தில் முறுக்கிக்கொண்டவர்கள் முதலில் இறங்கி வந்ததாக வரலாறு கிடையாது. வேலையை மட்டும் யாரும் நிறுத்தியதில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்த ரப்பர் குழாயைத் தம்பி முந்தின நாளே மாற்றிவிட்டான். பழையது போய்ப் புதியது வரும் இடைவெளியில் காற்றும் உள்ளே புகுந்துகொண்டது. பெடலை மிதித்தால் ஈரப் பஞ்சை மிதித்ததுபோல் அமுங்கியது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாமே என்றாள் அக்கா. அது மட்டும் நடக்காது என்று கணவர் கூடத்தில் சொன்னார். தம்பி அதையே சமையலறையில் வந்து சொன்னான். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போனது அதில்தான்.

காலையில் ஆயிலில் தொடங்கியது சண்டை. தையல்காரர் வாங்கி வந்த பாட்டிலில் பிரேக் ஆயிலின் ரகம் டாட் ஐந்து என்றிருந்தது. நாலைவிட ஐந்து உசத்தியாகத்தானே இருக்கும் என்பது அவர் கணக்கு. தம்பி பாட்டிலைத் தொடக்கூட இல்லை. இது ஜாதியே வேறு, உள்ளே இருப்பதோடு கலக்கக் கூடாது, ஆயில் தொட்டியின் மூடியைப் படிக்கச் சொல் என்று அக்காவிடம் சொன்னான். தையல்காரர் பானெட்டைத் தூக்கி, மூடியின் அழுக்கைக் கட்டைவிரலால் துடைத்துப் படித்தார். நாலு. பாட்டிலைச் சத்தமில்லாமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

உடனே மதிலுக்கு மேலிருந்து கிளட்ச் வாத்தியார் பாதி பாட்டில் ஒன்றை நீட்டினார். இது நாலுதான், போன வருடம் திறந்தது, சும்மாதான் கிடக்கிறது என்றார்.

"திறந்து வச்ச சிரப்பைப் பச்சப்புள்ளைக்குக் குடுப்பியாக்கா?" என்றான் தம்பி. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பிரேக் சூடானால் அந்த ஈரம் ஆவியாகிப் பெடல் மறுபடி அமுங்கும் என்று விளக்கினான். பிறகு தன் பையிலிருந்து, உள்மூடி பிரிக்காத டாட் நாலு பாட்டிலை எடுத்தான். மருந்து விற்கிறவன் கை. சீல் இருக்கிறதா என்று பார்க்காமல் தண்ணீர்கூட வாங்காது.

ஆயில் தொட்டிக்குத் தூரமான பின்சக்கரத்தில் தொடங்கினார்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கி, முட்டுக் கொடுத்து, தம்பி சக்கரத்தடியில் படுத்தான். பிரேக்கின் முதுகில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதில் கண்ணாடிபோன்ற குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கி வைத்தான். உள்ளே ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, வெளியே ஒருவர் திருகைத் திறந்தால் ஆயிலோடு காற்றுக் குமிழி வெளியேறும். திருகை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். முந்திக்கொண்டால், போன காற்று அதே வழியாகத் திரும்பி வந்துவிடும்.

"மிதிக்கச் சொல்லுக்கா."

"மிதிங்க."

"மிதிச்சாச்சுன்னு சொல்லு."

"மிதிச்சாச்சாம்டா."

அக்கா ஒருத்தி. தொட்டியில் ஆயில் குறையக் குறைய ஊற்ற வேண்டும், கீழே இருப்பவன் சொல்வதை மேலே சொல்ல வேண்டும், மேலே இருப்பவர் சொல்வதைக் கீழே சொல்ல வேண்டும். நடுவில் ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை போன் செய்தாள். வண்டி வந்துவிடும்தானே என்று கேட்டாள். வரும் என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள், விடாதே என்று தம்பி கத்தியது யாருக்கும் போய்ச் சேரவில்லை. தையல்காரர் காலை எடுத்துவிட்டார். குமிழிகள் குழாய்க்குள் ஓடித் திரும்பின. இப்படியே மறுபடி, மறுபடி. பாட்டிலில் பாதி தீர்ந்தது. காற்று மட்டும் தீரவில்லை.

"நடுவுல போஸ்ட் ஆபீஸ் வச்சா, காத்து தபால்லயே வந்து சேரும்" என்றார் கிளட்ச் வாத்தியார்.

அக்காவுக்கு அது சுருக்கென்று பட்டது. கல்யாணத்திலிருந்து இந்தத் தபாலை ஓட்டுகிறவள் அவள்தானே. மீதி ஆயிலும் வீணானால், நாளைக்கு யாரோ ஒருவருடைய காரில்தான் குழந்தை வரும். ஆயில் தொட்டியை நிரம்ப ஊற்றி மூடினாள். கையைத் துடைத்தாள்.

"தொட்டில் துணி மடிக்கணும். மிச்சத்தை நீங்களே பாத்துக்குங்க."

உள்ளே போனாள். துணியைத் தொடவில்லை; கதவிடுக்கில் நின்றாள்.

தம்பி குழாயைச் சரிபார்த்தான்; தையல்காரர் சீட்டை முன்னால் தள்ளிக்கொண்டார். பிறகு தம்பி சக்கரத்தைப் பார்த்து, "மிதிக்கலாம்" என்றான். தையல்காரர் ஸ்டியரிங்கைப் பார்த்து, "மிதிச்சிருக்கு" என்றார். கொஞ்ச நேரம் இருவரும் காரோடுதான் பேசினார்கள். அது மானத்துக்கு இழுக்கில்லை.

ஆனால் தையல்காரரின் கால் சாதாரணக் கால் இல்லை. வாழ்நாளெல்லாம் மிஷின் மிதித்த கால். ஒரு தையல் கூடாமல் குறையாமல் ஓட்டத் தெரிந்த கால். அவசரப்படாமல், உதறாமல் அது இறங்க இறங்க, குழாயில் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி வந்தன. அழுக்கு நிறம் போய், தேன்போலத் தெளிந்த ஆயில் வந்தது. அதைப் பார்த்த மகிழ்ச்சியில் தம்பி தன்னை மறந்தான்.

"அப்படியே... அப்படியே பிடிங்க அத்தான்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கதவிடுக்கில் அக்கா தலையை நீட்டினாள்.

"பிடிச்சிருக்கேன் மச்சான். நீ மெதுவா மூடு" என்றார் தையல்காரர்.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் தையல்காரரே இறங்கித் தொட்டியை நிரப்பினார்; மூன்றாவது சக்கரத்துக்குப் போனபோது பேச்சு பேண்ட்டுக்கு வந்துவிட்டது.

"அளவெடுக்கறப்ப நீ குனிஞ்சு நின்னடா."

"ஷூ லேஸ் கட்டினேன் அத்தான். அப்பவா டேப்பை வைப்பீங்க?"

"நிமிருவேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

வண்டிக்கடியிலிருந்து சிரிப்பு வந்தது. ஸ்பானர் கைதவறிக் கீழே விழுந்தது. நாலாவது சக்கரமும் முடிந்தபோது பாட்டிலின் அடியில் கொஞ்சம் மிச்சம். பெடல் கல்லாக நின்றது. மட்காடில் சிந்திய ஆயில் பெயிண்ட்டைத் தின்றுவிடும் என்று தம்பி சொல்ல, தையல்காரரே தண்ணீர் ஊற்றிக் கழுவினார். சந்துக்குள் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டி நிறுத்திப் பார்த்தார்கள். யாரையும் முதல் தடவையில் தேறவிடாத கிளட்ச் வாத்தியார் மதில்மேலிருந்து, "பாஸ்" என்றார்.

மறுநாள் தம்பி ஓட்டினான், தையல்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் தங்கையும், அக்காவின் மடியில் குழந்தையும். முன்னால் இருந்த இருவரும் வழி நெடுகப் பேசினார்கள்: எந்தச் சந்தில் திரும்பலாம், குழந்தைக்கு மூக்கு யாருடையது, புதுப் பேண்ட்டுக்கு என்ன துணி எடுக்கலாம். அக்கா நடுவில் ஒரு வார்த்தை சொல்ல இடம் பார்த்தாள். கிடைக்கவில்லை. அப்படி ஒரு நிம்மதியை அவள் அந்தக் காரில் அனுபவித்ததே இல்லை.

பிரேக் இறுகிக்கொண்டதால்தான் வண்டி தெருவுக்குள் ஊர்ந்து வந்தது என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.