நடு ஸ்பீக்கர்

...எரியக் கூடாது, எரிந்தால் எங்கோ ஷார்ட், ஒரு கணம் மினுங்கி அடங்கிவிட்டால் சரி, அவ்வளவுதான், பல்புக்குப் பொய் சொல்லத் தெரியாது. கரண்டுக்கும் ஆம்ப்ளிபயரின் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோர்த்து வைத்துவிட்டு, சுவிட்சின் மேல் விரலை வைத்தபடி அவன் உட்கார்ந்திருந்தான். முதல் தடவ நேரா கரண்ட் குடுத்துடாதீங்க சார், நடுவுல ஒரு குண்டு பல்ப வையுங்க, தப்பு இருந்தா பல்பு எரியும், பல்பு இல்லன்னா நீங்க பட்ட பாடு எரியும் என்று உதிரி பாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். மணி பன்னிரண்டே கால். வேன் நாலு மணிக்கு. சமையலறை பெட்டிக்குள் போய்விட்டது, படுக்கையறை போய்விட்டது, துணிமணிகளை மனைவியின் அண்ணன் நேற்றே ஏற்றிக்கொண்டு போய்விட்டார், இந்த அறை மட்டும் பாக்கி. இந்த அறையை நாலு மணிக்கு முன்னால் விடப்போவதில்லை. அழுத்தினான். பல்பு பளிச்சென்று எரிந்து, ஐயோ என்று நினைப்பதற்குள் மங்கி, சிவந்து, அடங்கியது. சரி. அடுத்தது.

அடுத்தது ஸ்பீக்கர் ஒயர்கள். ஐந்து சின்னது, கீழ்ச்சத்தத்துக்கென்று ஒரு பெரிய பெட்டி. எது எங்கே என்று யோசிக்க வேண்டியதில்லை, சுவரில் ஐந்து இடத்தில் அவள் ஒட்டிய நீல டேப் இன்னும் இருக்கிறது, தரையில் நாற்காலிக்கு ஒரு பெருக்கல் குறி, அதுவும் நீல டேப். ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் சத்தங்களை வெட்டி ஒட்டும் உதவியாளராக இருந்தாள். நாலு நாளைக்கென்று ஐந்து மைக் இரவல் வாங்கி வந்து, இந்த ஐந்து இடத்திலும் நிறுத்தி, வீட்டை அப்படியே பதிவு செய்தாள். வீட்டுல என்ன இருக்கு பதிவு பண்ண என்று கேட்டான். இருக்கு, கேட்டாத்தான் தெரியும் என்றாள். கேட்க ஆறு ஸ்பீக்கர் வேண்டும், ஸ்பீக்கர் வாங்கியாயிற்று, ஆம்ப்ளிபயர் நான் செஞ்சு தரேன் என்று அவன்தான் வாய் விட்டான், எலக்ட்ரானிக்ஸ் படித்தவன், இது கூடவா. மூன்று சின்ன போர்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு சேனல், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய, சூடு தணிக்கும் அலுமினியத் தகடு, ஒரு வார வேலை. அடுத்த வாரம். அதற்கடுத்த வாரம். அட்டைப்பெட்டி எட்டு மாதம் மேசைக்கடியில் கிடந்தது. அப்புறம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, ஒன்பது நாள். அதற்குப் பிறகு பெட்டி இன்னும் ஐந்து மாதம் கிடந்தது. வீட்டைக் காலி செய்வது என்று முடிவான அன்றைக்குத்தான் அதைத் திறந்தான். இந்தச் சத்தம் இந்த அறையில் எடுத்தது, இந்த மூலைகளில், வேறு அறையில் வேறு மூலைகளில் அதைக் கேட்டு என்ன பிரயோசனம்... தெரியாது. இங்கேதான் கேட்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்ததும் ஆறு ஸ்பீக்கரும் சேர்ந்து முனகின. ம்ம்ம்ம் என்று, பாட்டும் இல்லை பேச்சும் இல்லை, பல்வலிக்காரன் முனகல். அணைத்தான். கெப்பாசிட்டரா... இல்லை, புதுசு. டிரான்ஸ்பார்மரைத் தள்ளி வைத்துப் பார்த்தான், அதே முனகல். எர்த்து ஒயர்தான். மூன்று போர்டுக்கும் மூன்று இடத்தில் எர்த்து, அவசரத்தில் கைக்குக் கிட்டிய இடத்திலெல்லாம் வைத்துப் பற்ற வைத்திருக்கிறான், எல்லாத்தையும் ஒரே புள்ளிக்குக் கொண்டு வாங்க சார், ஆளுக்கொரு பக்கம் போனா சண்டைதான் என்று அதையும் கடைக்காரர் சொல்லியிருந்தார். சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை என்பதில்லை, ஏறுகிறது, தங்குவதில்லை. இந்த ஐந்து மாதமாக எல்லாம் அப்படித்தான், ஆபீசில் மேனேஜர் சொல்வது, பக்கத்து வீட்டு அக்கா சொல்வது, வாயசைவு தெரிகிறது, தலையாட்டுகிறான். அழுதுடுங்க தம்பி, உள்ள வச்சுக்காதீங்க என்றாள் அந்த அக்கா. எங்கே வைத்திருக்கிறோம் என்று தெரிந்தால் எடுத்து அழுதுவிடலாம்.

சால்டரிங் அயர்ன் சூடேறும்போது போன் அடித்தது. அவளுடைய அண்ணன். மாப்ள, வேன்காரர் நாலு மணின்னா மூணேமுக்காலுக்கே ஹார்ன் அடிக்கிற ஆளு, பொட்டியெல்லாம் கட்டியாச்சா? கட்டியாச்சு மச்சான், அந்த ரூம் மட்டும். இன்னும் அந்த டப்பாவையா நோண்டிட்டு இருக்கீங்க? ஒரு ஹெட்போன மாட்டினா ரெண்டு காதுலயும் கேட்டுட்டுப் போகுது. இல்ல மச்சான். என்ன இல்ல? இது ஆறுல கேக்கணும்.  அவளும் இதே பிடிவாதம்தான், ரெண்டு பேரையும் சேர்த்து வச்சவனச் சொல்லணும் என்றார், சேர்த்து வைத்தவர் அவரேதான், சொல்லிவிட்டு அவரே மூக்கை உறிஞ்சினார், சரி சாப்டீங்களா என்றார், சாப்ட்டேன் என்றான். சாப்பிடவில்லை.

ஹெட்போன். அது தெரியாமலா. அவள் குரல் போனில் இருக்கிறது, பதினொரு வீடியோ, நாலு குரல் செய்தி, வர்றப்ப சோப்பு வாங்கிட்டு வா என்பது உட்பட, கேட்டுக் கேட்டு அவை சத்தமாகவே இல்லை இப்போது, அடுத்த சொல் என்ன என்பது சொல்லுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. இன்னும் கேட்காதது இது ஒன்றுதான். பதினேழு நிமிடம். அதில் ஒரு வார்த்தை, அவன் இதுவரை கேட்டிராத ஒரே ஒரு வார்த்தை அவள் பேசியிருந்தாலும் போதும். அரைகுறையா கேக்காத, நீ செஞ்சு முடி, சேர்ந்து கேக்கலாம் என்றிருந்தாள். சேர்ந்து முடியாது. செய்து முடிக்கலாம். ஈயம் உருகி ஒரு துளியாக நின்றது, மூன்று கறுப்பு ஒயர்களையும் அந்த ஒரே துளிக்குள் அழுத்திப் பிடித்து, ஊதாமல், ஆடாமல், ஆறும் வரை மூச்சை அடக்கி... சரி. சுவிட்ச். முனகல் இல்லை. அறை வெறும் அறையாக இருந்தது.

மூன்று பத்து. கம்ப்யூட்டரின் பின்பக்கம் பச்சைத் துளையில் முன் இரண்டும், கறுப்பில் பின் இரண்டும், ஆரஞ்சில் நடு ஸ்பீக்கரும் பெரிய பெட்டியும். ஒவ்வொன்றாகச் சோதிக்க நேரமில்லை. நாற்காலியை நீலப் பெருக்கல் குறிமேல் போட்டு உட்கார்ந்து ஓட விட்டான். இடது பின்பக்கம் குழாய் திறந்தது, திரும்பியே பார்த்துவிட்டான். வலது பின்பக்கம் ஜன்னல், யாரோ எதையோ விற்றுக்கொண்டு தெருவில் போனார்கள். பாத்திரம். கதவு. பிறகு ஒரு குரல், மூலையில் பெரிய பெட்டிக்குள்ளிருந்து, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பேசுகிற மாதிரி, மும் மும் மும், ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவன் எழுந்து போய்ப் பெட்டியில் காதை வைத்தான். மும் மும். நிறுத்தினான்.  பெட்டிக்குப் போகும் சேனல் கீழ்ச்சத்தத்தை மட்டும் விடும் சேனல், அதில் ஏன் பேச்சு வருகிறது? எதிரே நடு ஸ்பீக்கரைப் பார்த்தான், பேச்சு வரவேண்டிய இடம், இவ்வளவு நேரமும் ஊமை. இடம் மாறியிருக்கிறது. ஆரஞ்சு மட்டும் நம்ம கம்ப்யூட்டர்ல தலைகீழா வருதுப்பா, நடுவுல வர வேண்டியது பெட்டியில வருது, ஒயர் மாத்தும்போது ஞாபகம் வச்சுக்கோ... சொன்னாள், சொல்லியிருக்கிறாள், இதே மேசையருகில் நின்று, அவன் போனைப் பார்த்தபடி ம் என்றான். அந்த ம் இப்போது கேட்டது, அவ்வளவு தெளிவாக. மூன்று முப்பத்தைந்து. இரண்டு ஒயரை அறுத்து, தோல் சீவி, மாற்றிப் பற்ற வைக்க வேண்டும், அவ்வளவுதான், பத்து நிமிட வேலை, அயர்ன் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. வெளியே ஹார்ன். மூன்றே முக்கால். அடிக்கட்டும். இரண்டாவது ஒயரில் சுட்டுக்கொண்டான், விரலை வாயில் வைத்தபடியே இடது கையால் ஓட விட்டான்.

குழாய். ஜன்னல். பாத்திரம். கதவு. இப்போது குரல் நேர் எதிரே, இரண்டடி தூரத்தில், பளிச்சென்று. ஏய், டீ வேணுமா? எத்தனை தடவ கூப்பிடுறது, காத என்ன வாடகைக்கு விட்டிருக்கியா?

அவனுடைய குரல்.

அவன் காத்திருந்தான். பதில் வரும். வரவில்லை. செருப்புச் சத்தம் அறைக்குள் வந்தது, கோப்பையை மேசையில் வைக்கும் சத்தம், என்ன, பேச மாட்டியா என்று அந்தக் குரல் குனிந்து நெருங்கியது, சட்டென்று தாழ்ந்தது... ஓ, ரெக்கார்டிங்கா, சாரி சாரி, நான் வரல, நான் இங்க இல்ல... பிறகு சிரித்தது. அடக்க முடியாமல், மூக்கால், முட்டாள்தனமாக. இவ்வளவு சிரிக்கத் தெரிந்தவனா நான்? அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது, பேசமாட்டாள், அது இப்போது தெரிந்துவிட்டது. ஐந்து மைக்கும் அவளைச் சுற்றி நின்றன, அவள் நடுவில், இந்தப் பெருக்கல் குறிமேல், இந்த நாற்காலியில். குரல் குனிந்தது இவனை நோக்கி அல்ல, இவன் உட்கார்ந்திருக்கும் இடத்தை நோக்கி. ஞாபகம் வந்தது, கோப்பையோடு வந்தபோது அவள் திரும்பிப் பார்த்து, விரலை உதட்டில் வைத்து, கண்ணால் மட்டும் சிரித்தாள். கெட்டுப்போன இடம் என்று வெட்டி எறிந்திருக்கலாம், நாளெல்லாம் வெட்டுவதுதான் அவள் வேலை. ஏன் வெட்டவில்லை... இதைத்தான் சேர்ந்து கேட்கலாம் என்றாளா?

மாப்ள, ஆச்சா இல்லையா, அந்தாளு கீழ ஊரையே எழுப்புறாரு என்றபடி மச்சான் மூச்சிரைக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எதிரே அந்தச் சிரிப்பு இன்னும் முடியவில்லை. சுட்ட விரல் எப்போது உதட்டுக்கு நேராக நிமிர்ந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.